ஊவா மலைவழிகளிலே கால்நடைப் பயணம்



அயர்லாந்தின் மேற்குக் கரையிலே, அத்திலாந்திக்கு மாகடலின் அலைகள் வந்து மோதும் விளிம்பிலே, கொன்னமாரா எனப்படும் நிலப்பகுதி ஒன்று உண்டு. சதுப்பும் கருங்கல்லும் ஏரிகளும் நிறைந்த பூமி அது. பயிருக்கு உகந்ததன்று, கண்ணுக்கோ பெருவிருந்து. அதன் நடுவே நெருங்கி நிற்கும் குன்றுகளைப் 'பன்னிரு சிகரங்கள்' என்று அந்நாட்டார் அழைப்பர். அவற்றுள் மிக உயர்ந்ததன் உயரம் 729 மீற்றர். நம் பதுளைப் பட்டினமே கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 680 மீற்றரில் இருக்கிறதென்றால், அந்தச் சிகரத்தை நம்மவர் மலையென்று ஒப்புவார்களோ, ஐயமே. ஆயினும் அக்குன்றுகளிடையே நடந்து திரிவதற்காகவே உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் ஆண்டுதோறும் அங்கே செல்கின்றனர். மழையில் நனைந்துகொண்டே நடக்கின்றனர். நடந்தபின், கிராமத்துக் கடையில் ஒரு கோப்பைத் தேநீர் அருந்தி மகிழ்கின்றனர்.

அந்தத் தேநீர் எங்கிருந்து சென்றது என்று எண்ணும்போதுதான் தெமோதரையில் வாழும் நமக்கு ஒரு சிந்தனை எழுகிறது. பன்னிரு சிகரங்கள் அவர்களுக்கு உண்டெனில், ஒன்பது சிகரங்களென்று பொருள்படும் பெயரையுடைய நமுனுகுல மலை நமக்கு உண்டு. அதன் உயரம் 2,036 மீற்றர். அவர்களுக்குச் சதுப்பு நிலத்து வழி. நமக்குத் தேயிலை மலைவழி. இன்று ஐரோப்பியர் முதலிய பிறநாட்டார் முதுகிலே பையும் கையிலே கோலுமாக நம் மலைகளில் நடக்க வருகின்றனர். நம்மவர்களோ, தெமோதரையைப் புகையிரதத்தின் பலகணி வழியாகப் பார்த்ததோடு திருப்தியடைகின்றனர். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்து இப்பேச்சைக் கேட்கும் அன்பர்களுக்கு இம்மலைகளிலே கால்நடையாகச் செல்வது எப்படி, எதைப் பார்ப்பது, யார் வகுத்த வழியிலே நடக்கிறோம் என்பவற்றைச் சிறிது எடுத்துக் கூற விரும்புகின்றேன். கால்நடை என்றவுடனே மாடுகளை நினைக்கும் மாணவர் என் வகுப்புகளில் எப்போதும் இருந்து வந்துள்ளனர். அவர்கள் பொருட்டும் இது பயன்படலாம்.

முதலில் இருப்புப் பாதையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனெனில் வெளியூரார் பெரும்பாலும் அதன் வழியேதான் வருவர். மலைநாட்டுப் பாதை 1885ஆம் ஆண்டில் நானுஓயாவையும், 1893இல் ஹப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பண்டாரவளையிலிருந்து பதுளை, காகம் பறக்கும் தூரந்தான். ஆயினும் புகையிரதம் பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924ஆம் ஆண்டிலேயே. இடையில் 30 ஆண்டுகள் சென்றன. காரணத்தை அறிய விரும்புவோர் தெமோதரையில் இறங்கிப் பார்க்கவேண்டும்.

புகையிரதத்தின் சக்கரம் வழவழப்பான இரும்பு; அது உருளும் தண்டவாளமும் அத்தகையதே. ஆகையால் செங்குத்தான சரிவில் அது ஏறவும் மாட்டாது, இறங்கும்போது அடங்கவும் மாட்டாது. 44 அடி தூரத்துக்கு 1 அடிக்கு மேல் ஏற்றம் இருத்தலாகாது என்பது இப்பாதைக்கு வகுத்த விதி. 100 அடி கீழே இறங்கவேண்டுமாயின் 4,400 அடி நீளத்துக்குப் பாதை வேண்டும் என்பது இதனால் விளங்கும். தெமோதரையிலோ பள்ளம் உடனே வந்துவிடுகின்றது. பாதையை நீட்டுவதற்கு இடமில்லை. எனவே பொறியியலார் பாதையை ஒரு குன்றைச் சுற்றி வளைத்து, அதே புகையிரத நிலையத்தின் அடியிலே குடைந்த சுரங்கத்தின் வழியாக வெளியே கொண்டுவந்தனர். எல்லவிலிருந்து வரும் வண்டி நிலையத்தில் நின்று, பின் குன்றைச் சுற்றிச் சென்று, தான் சற்றுமுன் நின்ற இடத்துக்கு நேர்கீழே நுழைந்து பதுளையை நோக்கிப் போகின்றது. ஒரு நிலையத்தின் மேலும் கீழும் ஒரே வண்டி செல்லும் இக்காட்சியைக் காண நிலையத்துக்கு மேற்பட்ட தேயிலைச் சரிவிலே நின்று சற்றுக் காத்திருத்தல் போதும்.

இவ்வளைவைப் பற்றி எங்கள் பகுதியிலே வழங்கும் செவிவழிக் கதை ஒன்றுண்டு. வழி காணாது தவித்த பொறியியலார் முன்னே ஒரு கங்காணி தம் தலைப்பாகையை அவிழ்த்து, மீண்டும் தலையைச் சுற்றிக் கட்டினாராம். அதைக் கண்டே பாதையைச் சுற்றிக்கொண்டு போகும் யோசனை பிறந்ததாம். இது நடந்ததென்று நிறுவ எழுத்துச் சான்று எதையும் நான் கண்டதில்லை. ஆனால் தோட்டத்து முதியவர்கள் இக்கதையைச் சொல்லும்போது அவர்கள் முகத்திலே தோன்றும் பெருமிதம் மெய்யானது.

தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையே இருப்புப் பாதை ஆறேழு கிலோமீற்றர்தான். அதன் நடுவே உள்ளதுதான் இன்று பெயர்பெற்ற ஒன்பது வளைவுப் பாலம். 91 மீற்றர் நீளமும் 24 மீற்றர் உயரமுமுடைய இதனைச் சிங்கள மக்கள் 'ஆகாயப் பாலம்' என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். முதல் உலகப் போர்க் காலத்திலே இதற்கென வந்த உருக்கு யுத்தத்துக்குச் சென்றுவிட்டது என்றும், உள்ளூரார் ஒருவர் கல்லாலும் சாந்தாலும் கட்டித் தருவேனென்று முன்வந்து முடித்தார் என்றும் கதை கூறுவர். ஹரோல்ட் மார்வுட் என்ற பொறியியலார் 1923ஆம் ஆண்டு இதன் நிர்மாணத்தைப் பற்றி எழுதிய அறிக்கையும் இருக்கின்றது. கதையை விரும்புவோர் கதையைக் கொள்க. கணக்கை விரும்புவோர் அறிக்கையைக் கொள்க.

பாலத்தைப் பார்க்க வருவோர் தண்டவாளத்தின்மேல் நின்று படமெடுத்துக்கொள்வதைக் காணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். வளைவிலே வரும் வண்டி தூரத்தில் தெரிவதில்லை; சுரங்கத்துக்குள்ளோ ஒதுங்க இடமில்லை. இருப்புப் பாதையின்மேல் நடப்பது சட்டத்துக்கும் மாறானது. எல்லவிலிருந்து தெமோதரைக்கு நடக்க விரும்புவோர் பாலத்தை மேலிருந்து பார்த்துவிட்டுத் தோட்டத்து வழியே வருக. அவ்வழி சற்று நீண்டது. அழகு அதில்தான் மிகுதி. எல்லவுக்கு அருகிலேயே சின்னச் சிவனொளிபாதம் என்றொரு குன்று உண்டு. உயரம் 1,141 மீற்றர். தேயிலைக்கு ஊடாகச் சென்று, படிகளேறி, உச்சியில் நின்றால் எல்லக் கணவாய் இரு மலைகளுக்கிடையே திறந்த வாயில்போல் தோன்றும். அதற்கப்பால் தெற்கே சமவெளி நீலமாய்ப் பரந்து கிடக்கும். அத்திசையில்தான் வெல்லவாய, புத்தல வழியாகக் கதிர்காமம் செல்லும் வீதி இறங்குகின்றது.

தோட்டத்து வழி என்று சொன்னேனல்லவா? அதை எவ்வாறு அமைத்தனர் என்பதை அறிந்துகொண்டு நடப்பவருக்கு ஒவ்வொரு முடக்கும் ஒரு பாடமாகும். மலையின் சரிவை ஒரே உயரத்தில் சுற்றிவரும்படி பாதையை வெட்டுவர். வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறத்திலே இட்டு, அது சரியாதிருக்கச் சாந்தில்லாமலே கல்லடுக்கிக் கட்டுவர். மேற்புறத்திலே கான் ஓடும். கான் என்பது மழைநீர் வடியும் வெட்டுவாய்க்கால். மலைச்சரிவிலே இறங்கும் நீர் இக்கானில் விழுந்து, மெல்ல ஓடி, கல்மதகு வழியாகப் பாதையைக் கடந்து ஓடையைச் சேரவேண்டும். கானிலே மண் நிரம்பினால் நீர் பாதையின்மேல் பாயும். பாதையின்மேல் பாய்ந்த நீர் கல்லணையைப் பெயர்க்கும். அணை பெயர்ந்தால் அதன்கீழுள்ள தேயிலையும், சில வேளைகளில் அதற்கும் கீழுள்ள லயமும் போம். ஆகவே கான் வெட்டுதல் தோட்ட வேலைகளில் முக்கியமானதாய் இருந்து வந்தது. இன்று கான் பேணப்படாத மலைகள் பல. நடந்து செல்வோர் பாதையின் மேற்புறத்தைப் பார்த்தாலே எந்த மலை பேணப்படுகின்றது, எது கைவிடப்பட்டது என்பதை அறியலாம்.

சுற்றுப்பாதைக்கு இடையே நேராக ஏறும் குறுக்குப்பாதைகளும் உண்டு. சுற்றுப்பாதையை அளந்து குறித்தவர் துரைமார். குறுக்குப்பாதையை ஆக்கியவை கொழுந்துக் கூடை சுமந்த பெண்களின் கால்கள். விடியற்காலையில் பெரட்டுக்கும், கொழுந்து நிறுக்க மடுவத்துக்கும், பிள்ளையை விட்டுவரப் பிள்ளைக்காம்பராவுக்கும், மாலையில் பீலிக்கும் போய்வந்த கால்கள் அவை. வெளிநாட்டார் நூல்களிலே இவற்றை 'நடைபாதை' என்று எழுதுகின்றனர். நடைபாதைதான், யாருடைய நடையென்பதே கேள்வி.

இவ்விடத்தில் மீண்டும் அயர்லாந்தை நினைவுகூர்தல் பொருந்தும். 1845ஆம் ஆண்டில் அந்நாட்டிலே உருளைக்கிழங்குச் செடியைக் கருகச் செய்யும் இலைநோய் ஒன்று பரவியது. ஏழை மக்களின் உணவே அக்கிழங்கு. ஆதலால் ஏழாண்டுக் காலத்திலே ஏறக்குறைய 10 லட்சம் பேர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறினர். பசித்தவர்க்கு இலவசமாக உணவளித்தலாகாது என்று எண்ணிய அரசாங்கம், தெருப் போடும் வேலையைக் கொடுத்துக் கூலி வழங்கிற்று. 1847ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே அவ்வேலைகளில் இருந்தோர் ஏறத்தாழ 7 லட்சம் பேர். மேற்குக் கரையிலே குன்றின்மேல் ஏறி எங்கும் சென்று சேராது நின்றுவிடும் சில பாதைகள் இன்றும் உள்ளன. அவை பஞ்சப் பாதைகள். அவற்றின்மேல்தான் இக்காலத்து உல்லாசப் பிரயாணிகள் நடக்கின்றனர்.

நம் பக்கம் வருவோம். 1869ஆம் ஆண்டில், பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமையிலே கோப்பிச் செடியின் இலைகளில் செம்மஞ்சள் நிறத் துகள் கண்டது. அதுவும் ஓர் இலைநோய். அதற்கு விஞ்ஞானப் பெயரிட்டவர்களுள் ஒருவர் மைல்ஸ் பேர்க்கிளி என்னும் ஆங்கிலப் பாதிரியார். அயர்லாந்தின் உருளைக்கிழங்கு நோய்க்குக் காரணம் பூஞ்சணமே என்று இருபதாண்டுகளுக்கு முன்னர் துணிந்து எடுத்துரைத்தவரும் அவரே. ஓர் அறிஞரின் மேசையிலே இரு நாடுகளின் துயரமும் இலை வடிவிலே வந்து கிடந்தன! கோப்பி அழிந்த மலைகளிலே தேயிலை ஏறியது. ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டு லூல்கந்துரையிலே 19 ஏக்கரில் தொடங்கிய பயிர், சில பத்தாண்டுகளுள் ஊவாவை மூடிற்று. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் கைகள் வேண்டும். அக்காலத்தில் தமிழகத்திலே 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அங்கே பஞ்சம் மக்களை நாட்டைவிட்டு அனுப்பிற்று. இங்கே பஞ்சம் மக்களைக் கொண்டுவந்து சேர்த்தது.

அவர்கள் வந்த விதம் கால்நடையே. கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து, பின்னர் மலையேறினர். தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்தது 1914ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர் வந்தோருள் காய்ச்சலாலும் கழிச்சல் நோயாலும் வழியில் விழுந்தவர் தொகை பெரிது. இந்த நடையை நினைவுகூரும் பொருட்டு, வருகை தொடங்கி 200 ஆண்டுகள் ஆனதைக் குறித்து, 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்டு 12ஆம் நாள் மாத்தளையில் முடிந்த நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. தூரம் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். மலையக மக்களோடு சிங்கள, முஸ்லிம் மக்களும் அதிலே சேர்ந்து நடந்தனர். அயர்லாந்திலும் இவ்வாறே உண்டு. 1849ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், லூயிஸ்பேர்க் என்ற ஊரில் நிவாரணம் கேட்ட ஏழைகளைப் பரிசோதனைக்காகப் பல மைல் தொலைவிலுள்ள ஒரு மாளிகைக்கு நடந்துவரச் சொன்னார்கள். கடுங்குளிரில் நடந்து, வெறுங்கையோடு திரும்புகையில், டூலோ என்ற ஏரியின் கரைவழியிலே பலர் மாண்டனர். அவ்வழியிலே இன்று ஆண்டுதோறும் பஞ்ச நினைவு நடை நடக்கின்றது. ஏரியும் மலையும் அங்கே மிக அழகியவை என்பர்.

தெமோதரை நிலைய மேடையில் நிற்கும்போது இன்னுமொன்றும் நினைவுக்கு வரும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோருள், 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்லவேண்டியவர் என்றும், 3,00,000 பேர் இங்கே பிரசைகளாவர் என்றும் பங்கிடப்பட்டது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பற்றி 1974இல் தீர்மானித்தனர். ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு. தலைமன்னாரை நோக்கி அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மலையக மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று பெயரிட்டனர். அயர்லாந்தின் மேற்குக் கிராமங்களிலோ, ஒருவர் அமெரிக்காவுக்குப் புறப்படும் முன்னிரவிலே, இறந்தவருக்குச் செய்யும் இரவு விழிப்பை உயிரோடு இருப்பவருக்கே செய்து, ஆடியும் பாடியும் அழுதும் வழியனுப்பினர். அதற்கு 'அமெரிக்க விழிப்பு' என்று பெயர். மொழி வேறு, கடல் வேறு. திரும்ப வரமாட்டார் என்ற எண்ணம் ஒன்று.

இவற்றை அறிந்து நடப்பதனால் மலையின் அழகு குறைந்துவிடுமென்று சிலர் கருதலாம். எனக்கு அவ்வாறு தோன்றியதில்லை.

ஹப்புத்தளைப் பக்கம் செல்வோர் தம்பேதன்னைத் தோட்டத்தைக் காணத் தவறுவதில்லை. தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். ஸ்கொத்துலாந்தின் கிளாஸ்கோவிலே பிறந்தவராயினும் அவருடைய தாய் தந்தையர் அயர்லாந்திலிருந்து பிழைப்பைத் தேடிச் சென்ற ஏழைகள். அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்த உச்சி, 'லிப்டன் ஆசனம்' என்ற பெயரோடு இன்றும் விளங்குகின்றது. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஏறக்குறைய 7 கிலோமீற்றர் ஏற்றம். விடியும்போது அங்கே இருத்தல் நன்று. ஒன்பது மணிக்கெல்லாம் பனிமூட்டம் வந்து பள்ளத்தாக்கை மூடிவிடுதல் வழக்கம். வழியிலே தமிழ்ப் பாடசாலைகளும் கோயில்களும் லயங்களும் உள்ளன. வாகனத்தில் விரைந்து செல்வோர் அவற்றைக் காண்பதில்லை.

அருவிகளைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. அவை தாமே தம்மைப் பற்றி உரக்கக் கூறுகின்றன. பதுளைக்கு அருகே 64 மீற்றர் வீழும் துன்ஹிந்தையும், கொஸ்லந்தைக்கு அருகே 220 மீற்றர் வீழும் தியலுமையும், இலங்கையிலேயே மிக உயர்ந்ததாகிய 263 மீற்றர்ப் பம்பரக்கந்தையும் பதுளை மாவட்டத்தின் செல்வங்கள். வழுக்குப் பாறையில் நின்று படமெடுக்க முயலுதல் வேண்டா என்று மட்டும் சொல்லி அமைகின்றேன்.

இனிக் காலம். ஊவாவின் பருவம் நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் பருவத்துக்கு மாறானது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைகளிலே மழையைக் கொட்டிவிட்டு, ஈரமிழந்து, கச்சான் காற்றாய் நம் பக்கம் இறங்கும். இலைகள் வாடும், புல் மஞ்சளாகும், அவ்வாட்டத்தினாலேயே ஊவாத் தேயிலைக்குரிய தனி வாசனை உண்டாகின்றது. நடப்பதற்கு இக்காலமும், பெப்ரவரி, மார்ச்சு மாதங்களும் உகந்தவை. ஏப்ரலில் பிற்பகல் இடிமழை. ஒக்டோபர் முதல் தை மாதம் வரை அடைமழை. கோடையிலே அயர்லாந்தில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்குமாம்; இங்கே ஆறரை மணிக்கு இருள் சூழ்ந்துவிடும். ஆகவே விடியற்காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு நண்பகலுக்குள் நடையை முடித்தல் நன்று. பிடிப்புள்ள காலணியும், குடிநீரும், மழைக்கு ஒரு துணியும், அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ போதுமானவை. மாணாப்புல்லிடையே நடப்போர் முழங்காலை மூடிக்கொள்க. அதன் ஓரம் கத்திபோல் அறுக்கும்.

மழைக்காலத்து நடையை நான் தடுப்பதற்குக் காரணம் அட்டை மட்டும் அன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலையிலே, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மாண்டோருள் பலருடைய உடல்கள் மீட்கப்படவேயில்லை. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயலிலோ நாடெங்கும் பேரழிவு. மண்சரிவினால் மிகவும் துன்புற்ற மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மலைநாட்டு இருப்புப் பாதையும் பல இடங்களிலே சேதமுற்றது. எனவே புறப்படுமுன் புகையிரதம் எவ்விடம்வரை ஓடுகின்றது என்பதையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்துள்ளதா என்பதையும் கேட்டறிதல் அவசியம். வழியிலே நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரென ஊறிக் கலங்கி வரும் நீர் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் திரும்பிவிடுக. அருகிலுள்ள லயத்தாருக்கும் அதைச் சொல்லிச் செல்க. நடப்பவர் ஒரு மணிநேரத்தில் அவ்விடத்தை விட்டு நீங்குவர். அங்கு வாழ்வோர்க்கு அவ்வாறு நீங்க இடமில்லை.

2023ஆம் ஆண்டிலே 'பெக்கோ பாதை' என்ற நெடுவழியொன்று வெளிநாட்டு உதவியுடன் தொடக்கி வைக்கப்பட்டது. பெக்கோ என்பது தேயிலைத் தரமொன்றின் பெயர். கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளைப் பகுதிகளைச் சுற்றி நுவரெலியாவிலே முடியும் இவ்வழி 22 பகுதிகளையும் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்தையும் உடையது. எல்லவிலிருந்து தெமோதரைக்கும், தெமோதரையிலிருந்து ஹாலிஎலவுக்கும் செல்லும் பகுதிகளும் அதிலே அடங்கும். பழைய தோட்டப் பாதைகளையே இணைத்து இதனை வகுத்துள்ளனர்.

நல்ல முயற்சி என்றே சொல்வேன். ஆயினும் ஒரு கேள்வி உண்டு. இவ்வழியே நடப்பவர் செலவிடும் பணம் யாரைச் சேர்கின்றது? தோட்டங்கள் 1970களிலே அரசுடைமையாகி, 1992 முதல் கம்பனிகளின் நிருவாகத்தில் உள்ளன. லயத்திலே நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பமாயினும் குடியிருக்கும் அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லாமையே பெரும்பாலோர் நிலை. உறுதி இல்லாதவர் விருந்தினர் தங்க ஓரறை கட்ட முடியாது. கட்டுவதற்கு வங்கியிலே கடனும் பெற முடியாது. எல்லச் சந்தியிலே விடுதிகள் வரிசையாக எழுந்துள்ளன. பாதையைப் பேணும் மக்களின் பிள்ளைகளோ அவற்றிலே பாத்திரம் கழுவும் வேலைக்குச் செல்கின்றனர். வேலை எதுவும் இழிவன்று. ஆனால் மலையின் பெயரும் வழியும் மூலிகையும் பறவையும் அறிந்த பிள்ளை, வழிகாட்டியாக முன்னே நடக்க வேண்டியவன். அதற்கு அவனுக்கு வேண்டியவை ஆங்கிலமும், சிங்களமும், தன் ஊரின் சரித்திரமும், உரிய அனுமதிப் பத்திரமும். முதல் மூன்றையும் பாடசாலை கொடுக்கலாம். கொடுக்கவேண்டும் என்றே நான் முயன்று வருகின்றேன். நான்காவதை அரசாங்கம் எளிதாக்குதல் வேண்டும்.

நடக்க வரும் அன்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். வழியில் பிள்ளைகளைக் கண்டு இரங்கி இனிப்பும் பேனையும் காசும் கொடாதீர்கள். கொடுக்கும் கை நல்ல கைதான். ஆனால் ஒரு முடக்கிலே கிடைத்த 100 ரூபாய், மறுநாள் பாடசாலை நேரத்திலும் அப்பிள்ளையை அதே முடக்கிலே நிறுத்திவைக்கும். வரவு இடாப்பைத் திறக்கும் ஆசிரியருக்கு இது நன்கு தெரியும். கொடுக்க விரும்பினால் தோட்டத்துக் கடையிலே தேநீர் அருந்துங்கள். ரொட்டியும் சம்பலும் வாங்கி உண்ணுங்கள். ஊர் இளைஞரை வழிகாட்டியாக அமர்த்தி, பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். கொழுந்தெடுக்கும் பெண்களைக் கேளாமல் படமெடுத்தல் வேண்டா. ஒரு நாட் கொழுந்து நிறையைச் சேர்க்க விரைவோர் அவர்கள்; புன்னகை செய்வதற்காக நிற்பவர்கள் அல்லர். 'வணக்கம் அக்கா, எந்த வழியாகப் போகலாம்?' என்று கேட்டுப் பாருங்கள். நிறை குறைந்தாலும் பரவாயில்லையென்று கூடையோடு நின்று, எந்தக் குறுக்கிலே அட்டை அதிகம், எந்தப் பீலியிலே தண்ணீர் நல்லது என்பதெல்லாம் விரிவாகச் சொல்வர். பள்ளத்தாக்கிலுள்ள சிங்களக் கிராமங்களில் 'ஆயுபோவன்' என்று கைகூப்பினாலும் அவ்வாறே. வயல் வரப்பு முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் மொழி மாறும், உபசாரம் மாறுவதில்லை.

தெமோதரையிலிருந்து ஹாலிஎல நோக்கி நடப்பவர் ஒரு நாளை அதற்கென ஒதுக்குதல் நன்று. புகையிரத நிலையத்தில் வளைவைப் பார்த்துவிட்டு, தோட்டத்து வழியாக இறங்கி, படிப்படியாக அமைந்த வயல்களினூடே செல்லலாம். நமுனுகுல கிழக்கே கூடவே வரும். ஹாலிஎலவை அடைந்தபின் கால்களில் வலு இருப்பின் போகொடைக்குச் செல்க. அங்கே கல்லந்த ஓயாவின்மேல் ஓடு வேய்ந்த கூரையோடு கூடிய மரப்பாலம் ஒன்றுண்டு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். நீளம் 15 மீற்றர்தான். தேயிலையும் கோப்பியும் வருமுன்னர், பதுளையிலிருந்து கண்டிக்குக் கால்நடையாகச் சென்றோரின் பாதையிலே அது அமைந்திருந்தது. இருமருங்கும் மரக்கிராதி உண்டு. களைத்தவர்கள் அதன்மேல் சாய்ந்து, கீழே ஓடும் நீரைப் பார்த்துச் சற்று இளைப்பாறலாம். மாலை நான்கு மணிக்குள் ஹாலிஎலவுக்குத் திரும்பினால் பதுளைக்கும் பண்டாரவளைக்கும் பஸ் வண்டிகள் பல உண்டு.